உங்கள் வண்டிக்குப் பூட்டுப் போட சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

மஞ்சள் பெயின்ட் அடித்த கனமான இரும்புப் பூட்டு அது. இரண்டு கைகள் டயரை முன்னும் பின்னும் கவ்விக்கொள்ளும். நடுவில் உள்ள வட்டத் தகடு சக்கரத்தின் நட்டுகளை மூடிவிடும். போக்குவரத்துப் போலீஸார் ஜீப்பில் வைத்திருப்பதும், அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி அறை மூலையில் கிடப்பதும் ஒரே சாமான்தான். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். யாருக்கு, எதற்கு என்று விற்பவர் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதாலேயே யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று பல குடியிருப்புச் சங்கங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. பூட்டப்பட்ட வண்டிக்காரரும் அப்படியே நம்பி, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். இரண்டு பேர் நினைப்பும் தவறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 127-வது பிரிவு வீல் கிளாம்ப் பற்றிப் பெயர் சொல்லியே பேசுகிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்தக்கூடாது என்று சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ பூட்டி வைக்கவோ அனுமதி தரலாம் என்கிறது. அந்த அனுமதியைத் தரக்கூடியவர் யார்? அந்தப் பகுதிக்குப் பொறுப்பான, சீருடையில் இருக்கும் காவல்துறை அதிகாரி. சங்கத் தலைவரோ செகரட்டரியோ பில்டரோ அந்தப் பிரிவில் எங்கும் வரவில்லை. குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, தெருவில் நிற்கும் வண்டிக்கும் இதே கதைதான். வாசலில் ‘நோ பார்க்கிங்’ என்று சொந்தமாக ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டால் தெரு அவர்களுடையதாகிவிடாது. இடைஞ்சல் என்றால் போலீஸைக் கூப்பிடலாம், அவ்வளவுதான்.

சரி, காம்பவுண்டுக்குள்? அங்கே சங்கம் பிடித்துக்கொள்ளும் ஒரே கயிறு அதன் துணைவிதி. தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கென்றே 2022-ல் நிறைவேறிய உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தாலும், துணைவிதி என்பது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அது உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். விருந்தாளியையும் கூரியர் பையனையும் டாக்ஸி ஓட்டுநரையும் எப்படிக் கட்டுப்படுத்தும்? அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உறுப்பினரிடம்கூட நினைத்த தொகையை அபராதமாக வாங்கிவிட முடியாது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை என்று எதை எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 74-வது பிரிவு சொல்கிறது. பத்து நிமிடம் தவறான இடத்தில் நின்ற காரால் சங்கத்துக்கு ஆயிரம் ரூபாய் இழப்பு என்று காட்டுவது எளிதல்ல.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரவு ஒன்பது மணி. கால் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் சென்ட்ரலில் இருந்து வயதான அம்மா ஒருவரை அழைத்து வருகிறார். லிஃப்ட் ரிப்பேர். பெட்டிகளை மூன்றாவது மாடி வரை தூக்கிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தால் முன் சக்கரத்தில் பூட்டு. “அண்ணே, மாட்டச் சொன்னாங்க மாட்டுனேன், சாவி எங்கிட்ட இல்லண்ணே” என்கிறார் செக்யூரிட்டி. சாவி செகரட்டரியிடம். அவர் போனை எடுப்பதில்லை. நான்காவது முறை எடுத்து, “ஆயிரம் ரூபா ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க” என்கிறார். அனுப்பச் சொன்னது சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அல்ல, யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு. ரசீது கிடையாது. அன்றைய ஓட்டத்தில் டீசலும் கமிஷனும் போக மிஞ்சியது அந்த ஆயிரமாகத்தான் இருக்கும். அதிகம் அடிபடுவது இப்படிப்பட்டவர்கள்தான், அவர்கள்தான் புகார் கொடுக்கவும் வராதவர்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மெயின்டனன்ஸ் பாக்கிக்காக வண்டியைப் பூட்டுவது. வண்டி அதற்குரிய இடத்தில், கோட்டுக்குள், ஒழுங்காகத்தான் நிற்கும். ஆனால் வீட்டு உரிமையாளர் ஆறு மாதமாகப் பணம் கட்டவில்லை என்பதற்காக வாடகைக்கு இருப்பவரின் வண்டியில் பூட்டு விழும். வாடகைதாரர் தன் பங்கை வாடகையோடு சேர்த்து உரிமையாளருக்கு மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருப்பார். பாக்கி ஒருவருடையது, பொருள் இன்னொருவருடையது; இதற்கு எந்த நியாயமும் இல்லை. பாக்கியை வசூலிக்க நோட்டீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கடன்காரரின் பொருளைத் தானே முடக்கி வைத்துப் பணம் கறக்கும் உரிமையை நம் சட்டம் சங்கத்துக்குக் கொடுக்கவில்லை. இரு சக்கர வண்டிக்குச் சங்கிலி போடுவதும், டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவதும் இதே ரகம்.

இந்தச் சண்டையைப் பிரிட்டன் நமக்கு முன்பே போட்டு முடித்துவிட்டது. தனியார் நிலத்தில் நிற்கும் வண்டியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல், அது திருட்டும்கூட என்று ஸ்காட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் 1992-ல் தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. தெளிவான எச்சரிக்கைப் பலகை இருந்து, அதைப் பார்த்த பிறகும் வண்டியை நிறுத்தினால், பூட்டுக்கு நீங்களே சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்றன. பிறகு 2000-ல் வைன் என்ற பெண்ணின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மருத்துவமனைக்குப் போய்விட்டு மனம் கலங்கித் திரும்பியவருக்கு வழியில் குமட்டிக்கொண்டு வர, லண்டனில் ஒரு தனியார் இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். எச்சரிக்கைப் பலகையை வேறொரு வண்டி மறைத்துக்கொண்டிருந்தது. பார்க்காத பலகைக்குச் சம்மதம் ஏது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடைசியில் 2012-ல் வந்த சட்டம், சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவதையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாக்கிவிட்டது. இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பலகை, சம்மதம், தொகையின் நியாயம் ஆகிய மூன்று கேள்விகள் இங்கேயும் கேட்க வேண்டியவையே.

இனி, உங்கள் வண்டியில் பூட்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒன்று: கோபத்தில் கட்டிங் மெஷினைத் தேடாதீர்கள். பூட்டு சங்கத்தின் சொத்து. அதை அறுத்துவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேல் புகார் வரும். பேச்சு உங்கள் வண்டியை விட்டு அவர்கள் பூட்டுக்குப் போய்விடும். பூட்டு இருப்பது தெரியாமல் வண்டியை நகர்த்தினால் மட்கார்டும் வீல் ரிம்மும் போகும். அதனால் செல்போனை எடுங்கள். வண்டி நிற்கும் இடம், தரையில் உள்ள கோடு, ஸ்லாட் எண், வண்டியில் ஒட்டிய சங்க ஸ்டிக்கர், பூட்டு, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பலகை இல்லாவிட்டால் அது இல்லாத சுவரையும் சேர்த்து ஒரு வீடியோ எடுங்கள். பூட்டும்போது ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கேட் ரிஜிஸ்டரில் உங்கள் வண்டி நுழைந்த நேரம் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். சிசிடிவி பதிவுகளின் மேல் சில வாரங்களில் புதியவை ஏறிவிடும், ஆகவே அன்றைய பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள்.

செக்யூரிட்டியிடம் சண்டை போடுவதில் பயனில்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் நிற்பவர் அவர். போடு என்றால் போடுவார். கேள்வி பொறுப்பாளர்களுக்கு, அதுவும் எழுத்தில். எந்தத் துணைவிதியின் கீழ் பூட்டினீர்கள், அது எந்தப் பொதுக்குழுவில் எப்போது நிறைவேறியது, இந்தத் தொகையை யார் முடிவு செய்தது, எந்தக் கணக்குக்குப் போகிறது? நான்கு வரிச் செய்தி போதும். துணைவிதி இல்லாமல், செயற்குழுவில் இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்ட ‘ரூல்’ என்றால் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே பூட்டு கழன்றுவிடும்.

கழலவில்லை, மருத்துவமனைக்கு ஓட வேண்டும், விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்றால்? பணத்தைக் கட்டிவிடுங்கள், அது தோல்வி அல்ல. ஆனால் கட்டும்போதே ‘இந்தத் தொகையை ஒப்புக்கொள்ளாமல், எதிர்ப்புடன் கட்டுகிறேன், திரும்பப் பெறும் உரிமை எனக்கு உண்டு’ என்று எழுதி அனுப்புங்கள். சொந்த எண்ணுக்கு அனுப்ப மாட்டேன், சங்கக் கணக்கு எண் கொடுங்கள் என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அந்தப் பதிலும் சாட்சியம்தான்.

போலீஸுக்குப் போகலாமா? போகலாம், ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள். உடனடித் தொல்லைக்கு 100 அல்லது 112. ரோந்து வண்டி வந்து நின்றாலே பல இடங்களில் சாவி கிடைத்துவிடுகிறது. எழுத்துப் புகார் என்றால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 126-வது பிரிவு ஒருவரைப் போகவிடாமல் முறைகேடாகத் தடுப்பது பற்றியது. ஒரு மாதம் வரை வெறுங்காவல், ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது ஆளைத் தடுப்பதைப் பற்றி. நீங்கள் வண்டிக்குள் இருக்க, கேட்டைச் சாத்தி மறித்தால் அது வலுவாக நிற்கும். ஆளில்லாத வண்டிக்குப் பூட்டு என்றால், நீங்கள் நடந்து போயிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதிடும். 308-வது பிரிவான மிரட்டிப் பறித்தல் கடுமையான குற்றம். அதற்கு நேர்மையற்ற நோக்கத்தைக் காட்ட வேண்டும். பணம் தனிநபர் கணக்குக்குப் போனது, ரசீது இல்லை, கட்டாவிட்டால் வண்டியை உடைப்பேன் என்ற பேச்சு என்று கையில் ஏதாவது இருந்தால் புகார் கனக்கும். காற்றைப் பிடுங்கியது, கீறல் விழச் செய்தது ஆகியவற்றுக்கு 324-வது பிரிவைச் சுட்டலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று எழுத்தர் சொல்வதை எதிர்பார்த்தே போங்கள்.

சிவில் பாதை அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ்: பணத்தைத் திருப்பிக் கொடு, சேதத்துக்கு ஈடு கொடு, இனிப் பூட்டமாட்டோம் என்று எழுதிக் கொடு. இதிலேயே பாதிப் பிரச்சினை முடியும். மீண்டும் மீண்டும் பூட்டுகிறார்கள் என்றால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963-ன் 38, 39-வது பிரிவுகளின் கீழ் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குத் தொடரலாம்; சென்னையில் மாநகர உரிமையியல் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். சங்கம் 1975-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், துணைவிதிக்கு மாறாக நடக்கிறது, கணக்குக் காட்டாமல் பணம் வாங்குகிறது என்று மாவட்டப் பதிவாளருக்கு மனு கொடுக்கலாம். தனியாக ஒருவர் கொடுப்பதைவிடப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் மதிப்பே வேறு.

பல சண்டைகளின் வேர், எந்த இடம் யாருடையது என்பதில் இருக்கிறது. திறந்தவெளி பார்க்கிங்கையும் தூண்களுக்கிடையே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது, அவை பொதுப் பகுதி என்று 2010-ல் நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே, ‘இது என் ஸ்லாட், நான் காசு கொடுத்து வாங்கினேன்’ என்று ஒருவர் பூட்டச் சொன்னால், பத்திரத்தில் என்ன இருக்கிறது, சங்கத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சங்கம் சாவியைத் தொடக்கூடாது.

சங்கத்தின் சங்கடமும் பொய்யல்ல. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரும் நர்ஸ் தன் இடத்தில் யாரோ ஒருவரின் கார் நிற்பதைப் பார்த்தால் அவர் எங்கே போவார்? ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரும் பாதையை மறித்து நிற்கும் வண்டியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் முடியாது. அப்படி நிறுத்தியிருந்தால் தவறு உங்களுடையது. முதலில் மன்னிப்புக் கேட்டு வண்டியை எடுங்கள். சங்கத்துக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டியின் எண்ணுக்கும் ஒரு போன் நம்பர் பதிவேட்டில் இருந்தால் பாதித் தகராறு ஒரு அழைப்பில் தீரும். விருந்தாளி வண்டிக்குக் கேட்டிலேயே சீட்டு, எந்த வீட்டுக்கு வந்தாரோ அந்த வீட்டுக்குப் பொறுப்பு, கண்ணாடியில் எச்சரிக்கைத் தாள், திரும்பத் திரும்பச் செய்யும் உறுப்பினருக்கு நோட்டீஸ். அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பூட்டுக்குச் செலவு செய்யும் பணத்தில் தரையில் கோடும் எண்ணும் ஒழுங்காக அடிக்கச் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. உதவி எண் 15100. நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வழக்குப் போடாமலே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கும்படி அங்கேயே மனு கொடுக்கலாம். ஆயிரம் ரூபாயைப் பறிகொடுத்த அந்த டாக்ஸி ஓட்டுநர், கையில் உள்ள படங்களோடும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.