ஆயிரம் லிட்டர் பொரித்த எண்ணெய்: ஒரு காரின் ஓராண்டுக் கணக்கு

2002இல் வேல்ஸின் லனெல்லி வட்டாரத்தில் சமையல் எண்ணெய் ஊற்றிக் கார் ஓட்டியவர்களைப் போலீஸார் சாலையில் நிறுத்திப் பிடித்தார்கள். எண்ணெயில் ஓட்டியது குற்றமல்ல. அதற்குரிய எரிபொருள் வரியைக் கட்டாததுதான் குற்றம். ஐந்து ஆண்டு கழித்து பிரிட்டிஷ் அரசே இறங்கிவந்தது. 2007 ஜூன் 30 முதல், ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் தாவர எரிபொருள் தயாரிப்பவர் பதிவு செய்யவும் வேண்டாம், கலால் வரி கட்டவும் வேண்டாம். கடைகளில் பொரித்து மிஞ்சும் கழிவெண்ணெயில் கார் ஓட்டி மிச்சமாகும் பணத்தில் பெரிய பங்கு இந்தச் சலுகையிலிருந்துதான் வருகிறது என்பது என் கணக்கு.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் 857 லிட்டர் டீசல் தேவை. எண்ணெயில் ஓட்ட இரண்டு டேங்க் வேண்டும்: டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வரவேண்டும். இதற்குப் பத்து சதவீதம், அதாவது 86 லிட்டர் டீசல் போகும். மீதி 771 லிட்டரை எண்ணெய் ஈடுகட்ட வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருந்தால், எண்ணெயில் 34.3தான். ஆக 810 லிட்டர் சுத்தமான எண்ணெய் தேவை.

பொரிக்கும் கடையிலிருந்து வருவது சுத்தமான எண்ணெய் இல்லையே. டிரம்மில் ஓரிரு வாரம் அசையாமல் விட்டால் அடியில் தண்ணீரும் மாவுத் தூளும், அதன் மேல் வெண்ணெய் போல் உறைந்த கொழுப்பும், எல்லாவற்றுக்கும் மேலே தேன் நிறத்தில் எண்ணெயுமாகப் பிரிந்து நிற்கும். மேலே நிற்பதை மட்டும் எடுத்து, 5 மைக்ரான், 1 மைக்ரான் பைகளில் வடிகட்ட வேண்டும். நூற்றுக்கு 20 லிட்டர் கழிவு என்று வைத்தால் ஆண்டுக்கு 1,012 லிட்டர் கடை எண்ணெய் வேண்டும். வாரத்துக்கு ஒரு 20 லிட்டர் டின். தண்ணீர் போய்விட்டதா என்று அறிய, காய்ந்த வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் போதும். சடசடத்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, இன்னும் காயவைக்க வேண்டும்.

எந்தக் கடை என்பதும் முக்கியம். பிரிட்டனின் மீன் வறுவல் கடைகளில் பல பாமாயிலில் பொரிக்கின்றன. யார்க்‌ஷர் பக்கம் மாட்டுக் கொழுப்பு. இரண்டும் குளிர்காலத்தில் கல்லாக உறைந்துவிடும். ரேப்சீட் எண்ணெயில் பொரிக்கும் கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த எண்ணெய்கூட 40 டிகிரியில் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டி. ரேடியேட்டர் வெந்நீரைச் சுற்றவிட்டு 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்தக் கெட்டித்தன்மை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பழைய மெர்சிடீஸ், பூஜோ கார்களில் உள்ள பாஷ் பம்ப் இதைத் தாங்கும். சுழல்வகை லூகாஸ் பம்ப் குளிர்ந்த எண்ணெயை இழுக்கும்போது உடையும் அபாயம் அதிகம். காமன் ரெயில் இன்ஜினும் புகைத்துகள் ஃபில்டரும் உள்ள புதிய கார்களுக்கு இந்த வேலையே வேண்டாம்.

இனிப் பணம். டீசல் லிட்டர் 1.40 பவுண்டு என்று கொள்வோம். அதில் 52.95 பென்ஸ் கலால் வரி, 23.33 பென்ஸ் வாட். பாதிக்கு மேல் வரிதான்! 771 லிட்டர் டீசல் மிச்சம் என்றால் 1,079 பவுண்டு. செலவில் வடிகட்டும் பைகளுக்கு 40 பவுண்டு வைக்கலாம். நூறு லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்க 2.3 யூனிட் மின்சாரம். ஆயிரம் லிட்டருக்கு 7 பவுண்டு. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையம் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலந்து அதைக் குழம்பாக்கிவிடும் என்பதால் ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும், அதற்கு 60. நிகர மிச்சம் 972 பவுண்டு. இரண்டாம் டேங்குக்கும் பொருத்துவதற்கும் 800 பவுண்டு ஆனால் பத்து மாதத்தில் முதல் திரும்பிவிடும்.

இதெல்லாம் கடைக்காரர் எண்ணெயைச் சும்மா கொடுத்தால்தான். லிட்டருக்கு 40 பென்ஸ் கேட்டால் 405 பவுண்டு கழிந்து மிச்சம் 567. முதல் திரும்பப் பதினேழு மாதம். வரிச்சலுகையும் இல்லையென்றால், 810 லிட்டருக்கு 429 பவுண்டு கலால் வரி போய் 138 பவுண்டுதான் கையில் நிற்கும். முதலை எடுக்க ஆறு ஆண்டு ஆகும். ஒரு பம்ப் போனால் அதுவும் இல்லை.

இரண்டாம் டேங்க் வேண்டாம் என்பவர்கள் எண்ணெயைப் பயோடீசலாக்குகிறார்கள். லிட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால் வேண்டும். ஓராண்டுக்கு சுமார் 185 லிட்டர். மெத்தனால் விஷம், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. குழந்தைகள் உள்ள வீட்டுக் கொட்டகையில் இதை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எண்ணெய் இலவசமாகக் கிடைப்பதும் இப்போது குறைந்துவிட்டது. 2004 நவம்பரிலிருந்து கடைக் கழிவெண்ணெயைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கத் தடை வந்தபோது, கடைக்காரர்களுக்கு அதைத் தலையிலிருந்து இறக்கினால் போதும் என்றிருந்தது. பிறகு கழிவிலிருந்து வரும் எரிபொருளுக்கு, விற்றுக் காசாக்கக்கூடிய புதுப்பிக்கத்தக்க எரிபொருள் சான்றிதழை அரசு இரட்டிப்பாகத் தரத் தொடங்கியதும் நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தன. பிறர் கடைக் கழிவை ஏற்றிச் செல்லப் பதிவும், கைமாற்றுச் சீட்டும் வேண்டும் என்பதால் தனி ஆள் பின்தங்கிவிடுகிறார். பத்தாயிரம் பேர் இப்படி ஓட்டினாலும் 81 லட்சம் லிட்டர்தான். நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு எரியும் டீசலோ 2,500 கோடி லிட்டருக்கும் மேல். எனவே நாட்டின் எரிபொருள் கொள்கையாக இதைப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பாஷ் பம்ப் உள்ள பழைய காரும், ஒரு கொட்டகையும், தெருமுனையில் ரேப்சீட் எண்ணெயில் பொரிக்கும் கடையும் உள்ளவர் ஆண்டுக்கு 771 லிட்டர் டீசலையும், அது எரிந்து வெளிவிடும் இரண்டு டன் கரியமில வாயுவையும் மிச்சப்படுத்துகிறார். அவர் தாராளமாகச் செய்யட்டும்.