கேட்பவன் காதில் நிகழும் மோதல்

வீட்டின் நடுக்கூடத்தில் வைஃபை கருவி. முன்னறைக் கணினியில் மகளும் பின்னறைக் கணினியில் மகனும் தத்தம் தேர்வு விடைகளை அனுப்புகின்றனர். விடைகளோ தாமதித்தே போய்ச் சேருகின்றன. காரணம் யாது?

கணினிகள் பண்புடையவை, அலைவரிசையில் பிறர் பேசவில்லை என்று செவிமடுத்தறிந்த பின்னரே பேசும். ஆயினும் இடைச்சுவர்களின் தடிப்பால் ஒன்றன் குரல் மற்றதற்கு எட்டுவதில்லை. இரண்டும் ஒருங்கே பேச, நடுக்கூடத்துக் கருவியில் மோதிச் சிதைகின்றன. இதனை 'மறைந்த நிலையம்' எனப் பெயரிட்டு 1975இல் டொபாகி, கிளைன்ராக் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர்.

மோதல் நிகழுமிடம் கேட்பவன் காதேயன்றிப் பேசுபவன் வாயன்று. வலுவைக் கூட்டலாமே என்பீர்கள். அது அயல்வீட்டாருக்கு இரைச்சலாகும். மகனின் மேசையைக் கதவருகே நகர்த்திப் பாருங்கள். கணினிகள் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால், தாமே முறைவைத்துப் பேசும்.