1.5 பெரிதா, 1.2 பெரிதா?

தை மாதத்து விடியற்காலையில் கூந்தன்குளத்துக் கரையில் நீங்கள் நின்றதுண்டா? நாங்குநேரிப் பக்கத்தில் உள்ள இந்தக் குளம் 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். இமயமலைக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துக்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்து இறங்கும்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்து வருகிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்ட மாணவர்கள் சிலருடன் ஒரு ஜனவரியில் நானும் குளம் குளமாகச் சுற்றினேன். எங்களிடம் இருந்தது கைமாறி வந்த பழைய டிஜிடல் காமிரா. கடைகளில் 'பென்சில் செல்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஏ.ஏ. அளவு மின்கலங்கள் நான்கைப் போட்டால் இயங்கும். கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். குளத்தின் நடுவில் நிற்கும் பறவையை நெருக்கிக் காட்ட லென்ஸ் வேண்டும். குறைந்த செலவில் அந்த வசதி கிடைப்பது இப்படிப்பட்ட பழைய காமிராக்களில்தான்.

ஒரு மாணவி திடீரென்று என் கையைத் தட்டினாள். ஒரு பட்டைத்தலை வாத்தின் கழுத்தில் வளையம், அதன்மேல் எழுத்துக்கள்! மங்கோலியா போன்ற இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் இப்படி வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். எழுத்தைப் படித்துவிட்டால் அந்தப் பறவை எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்துவிடும். காமிராவை நீட்டினேன். லென்ஸ் வெளியே வந்தது, பாதியில் நின்றது. 'பாட்டரியை மாற்றவும்' என்று ஒரு வரி தோன்றி, திரை இருண்டது. வாத்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டது.

அவை முந்தின நாள் காலையில்தான் போட்ட புது ஆல்கலைன் செல்கள். நயினார்குளத்தில் நூறு படம்கூட எடுத்திருக்க மாட்டோம். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் குப்பையில் எறியப் போனவன், ஒன்றை மட்டும் எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தேன். கடிகாரம் ஓடியது. செத்துப்போன செல் எப்படி ஓட்டும்?

குளமும் மடையும்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் குளத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. மடை வழியாக ஒரு வினாடிக்கு எவ்வளவு பாயும் என்பது வேறொரு கேள்வி. குளம் பாதி நிறைந்திருந்தாலும் மடையில் மண் மேடிட்டிருந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஆனால் ஒரு குடம் மொண்டுகொள்ள அந்த மடையே போதும்.

மின்கலத்தின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி என்ற எண் குளத்தின் கொள்ளளவு. 2,000 என்றிருந்தால் 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைப் பத்து மணி நேரம் தரலாம் என்று பொருள். மடைக்கு ஒப்பானது மின்கலத்தின் அகத்தடை. இதை எவரும் மேலுறையில் அச்சிடுவதில்லை. காமிராவைப் பொறுத்தவரை முக்கியமான எண் இதுதான் என்பது என் கட்சி.

அகத்தடையை நீங்களே அளக்கலாம். பள்ளியில் இருக்கும் மல்டிமீட்டரும், 5 வாட் தாங்கக்கூடிய 1 ஓம் மின்தடை ஒன்றும் போதும். முதலில் தடையை இணைக்காமல் மின்கலத்தின் வோல்ட் அளவை எடுங்கள். பிறகு தடையை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே இரண்டு வினாடி மட்டும் வைத்து, அப்போதைய வோல்ட் அளவைப் பாருங்கள். (மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து நேரே மின்கலத்தில் தொட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.)

அந்தக் காமிராவிலிருந்து எடுத்த செல்லில் எனக்குக் கிடைத்த அளவுகள்: தடை இல்லாதபோது 1.32 வோல்ட், தடை வைத்தபோது 0.94 வோல்ட். 1 ஓம் வழியே 0.94 ஆம்பியர் ஓடுகிறது, 0.38 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. 0.38ஐ 0.94ஆல் வகுத்தால் அகத்தடை 0.4 ஓம். அடுத்து, மின்னேற்றம் செய்த நிக்கல் வகைச் செல் ஒன்றை எடுத்தேன். 1.28 வோல்ட் இருந்தது 1.24 ஆயிற்று. அகத்தடை 0.03 ஓம்தான்! பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி காமிராவின் பக்கம் பார்ப்போம். லென்ஸை நகர்த்தவும் ஃப்ளாஷின் மின்தேக்கியை நிரப்பவும் சேர்ந்து ஒரு கணத்துக்கு 5 வாட் திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பழைய ஆல்கலைன் செல்களைத் தொடரிணைப்பில் போட்டால் மின்னியக்கு விசை 5.28 வோல்ட், அகத்தடை 1.6 ஓம். ஒரு மின்கல அடுக்கிலிருந்து பெறக்கூடிய மிக அதிகத் திறன், மின்னியக்கு விசையின் வர்க்கத்தை அகத்தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4.36 வாட்! கேட்பது 5, தரமுடிந்தது 4.36. காமிரா படுத்துவிட்டதில் வியப்பென்ன? சுவர்க் கடிகாரத்துக்கோ ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. நிக்கல் வகைச் செல்கள் நான்குக்கு இதே கணக்கைப் போட்டால் ஐம்பது வாட்டைத் தாண்டுகிறது.

இன்னொரு வினோதமும் உண்டு. டார்ச் விளக்கில் பாட்டரி தளர்ந்தால் வெளிச்சம் மங்கும், மின்னோட்டமும் குறையும். காமிரா அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் மின்சுற்று குறிப்பிட்ட திறனைக் கேட்டு வாங்கியே தீரும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டும். ஆம்பியர் கூடினால் அகத்தடையில் இழப்பு கூடும், வோல்ட் மேலும் இறங்கும். இந்தச் சறுக்கலில்தான் திரை பட்டென்று இருள்கிறது.

உலோகத்துக்குள் ஹைட்ரஜன்

ஆல்கலைன் செல்லின் 1.5 வோல்ட் புதிதாக இருக்கும்போது மட்டும்தான். துத்தநாகம் ஆக்சைடாக மாற மாற மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும், அகத்தடை ஏறும். நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டாலும், தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: சுமை ஏறும்போது 1.2 தான் பெரிது.

இந்தச் செல்லின் எதிர்முனையில் இருப்பது லாந்தனம், நிக்கல் போன்ற உலோகங்களின் கலவை. 1960களின் கடைசியில் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஒரு வியப்பான குணத்தைக் கண்டார்கள். ஒரு லாந்தனம் அணுவுக்கு ஐந்து நிக்கல் அணு என்ற கலவை, ஏறக்குறைய ஆறு ஹைட்ரஜன் அணுக்களைத் தன் படிகத்தின் இடுக்குகளில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல என்று சொல்லலாம். ஆனால் பஞ்சைவிட இது கெட்டிக்காரத்தனமானது: திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட நெருக்கமாக ஹைட்ரஜன் இங்கே அடைகிறது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகும். பயன்படுத்தும்போது வெளியே வந்து மின்பகுபொருளில் நீராகும், நேர்முனை நிக்கல் சேர்மமும் தன் பங்குக்கு மாறும். தகடுகள் கரைந்து அழிவதில்லை. ஆகையால் நூற்றுக்கணக்கான தடவை மின்னேற்ற முடிகிறது. நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் மோனசைட் கனிமத்தில் லாந்தனமும் உண்டு என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். இதுபோன்ற மின்வேதியியல் விஷயங்களுக்கென்றே காரைக்குடியில் 1953ல் திறக்கப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. வேதியியலில் நாட்டமுள்ளவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கரைக் கசிவு

மடை சரியாக இருந்தும் கரை கசிந்தால் என்ன பயன்? முதலில் வந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்களின் பெருங்குறை இதுதான். சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காணாமற்போகும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று படித்திருப்பீர்களே, சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் பீரோவுக்குள் வைத்த செல்லுக்கும் அந்த விதி உண்டு. தீபாவளிக்கு மின்னேற்றி வைத்துவிட்டுப் பொங்கலுக்கு எடுத்தவர்கள் 'இந்தச் சார்ஜ் பாட்டரியே மோசம்' என்று திட்டியது இதனால்தான்.

2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் 'எனிலூப்' என்ற பெயரில் கசிவு குறைந்த செல்லைக் கொண்டுவந்தது. ஓராண்டு வைத்திருந்தாலும் 85 சதவிகிதம் மிஞ்சும் என்பது அன்று அவர்கள் அறிவித்தது. உலோகக் கலவையை மாற்றினார்கள். இரு தகடுகளுக்கும் நடுவே உள்ள பிரிப்புத் துணியையும் மாற்றினார்கள். இன்று வேறு நிறுவனங்களும் இவ்வகையை விற்கின்றன. மேலுறையில் 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' என்றோ, மின்னேற்றியே விற்பதால் 'ரெடி டு யூஸ்' என்றோ இருக்கும்.

இதன் அருமை காட்டில் தெரியும். களக்காடு-முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகங்களில் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி காமிராக்களும் டிஜிடல் காமிராக்களே. அவற்றில் பல, ஏ.ஏ. செல்களில் இயங்குபவை. 2018-19 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்து, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலிப் படங்கள் 76,651. வாரக்கணக்கில் எவரும் தொடாமல் நிற்கும் காமிராவில் கசியும் செல் இருந்தால், புலி வரும் இரவில் காமிரா தூங்கிக்கொண்டிருக்கும். எட்டுச் செல் போடும் காமிராவில் இன்னொரு சிக்கல் உண்டு. 12 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் நிக்கல் செல்கள் தருவது 9.6 தான். சில மாதிரிகள் ஏற்கும், சில ஏற்கா. ஆகவே காமிராவின் கையேட்டைப் பார்த்துவிட்டே வாங்கவேண்டும்.

கடைக்குப் போகுமுன்

பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஏ.ஏ. அளவில் நிக்கல் வகைக்கு 2,700, 2,800 என்பதே உச்சம். 3,600, 4,000 என்று அச்சிட்டு மலிவாக விற்பவற்றை நம்பவேண்டாம். நகைக் கடைத் தராசில் நிறுத்தாலே குட்டு வெளிப்படும்: உண்மையான 2,000 செல் 26, 27 கிராம் இருக்கும். உண்மையான 2,500 வகையிலும் ஒரு சங்கடம். அதே உறைக்குள் அதிகப் பொருளை அடைக்கவேண்டி மற்றவற்றை மெலியவைக்கிறார்கள், ஆயுள் குறைகிறது. மாணவர்களுக்கு 2,000 கசிவில்லா வகையே போதும் என்பேன்.

ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். ஏ.ஏ. அளவிலேயே 14500 என்ற எண்ணுடன் 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. பொருந்துகிறதே என்று நான்கைப் போட்டால் ஆறு வோல்ட் காமிராவுக்குள் பதினைந்து வோல்ட்டுக்கு அருகில் பாயும். காமிரா போய்விடும், தீப்பிடிக்கவும் கூடும். உள்ளேயே மின்சுற்று வைத்து 1.5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் லித்தியம் செல் வேறு. அதனால் ஆபத்தில்லை. ஆனால் கடைசிவரை 1.5 காட்டிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

நான்கு செல்லும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே நாளில் மின்னேற்றியவையாக இருக்கவேண்டும். தொடரிணைப்பில் ஒன்று முதலில் தீர்ந்தால் மற்ற மூன்றும் அதன்வழியே மின்னோட்டத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாக மின்னேற்றிக் கெடுத்துவிடும்.

சார்ஜரில் இரண்டு வகை. 200 மில்லி ஆம்பியர் மெதுவாகத் தரும் சாதாரணச் சார்ஜரில் 2,000 செல் நிரம்பப் பதினான்கிலிருந்து பதினாறு மணி நேரம் ஆகும். பத்து மணி நேரம் போதாதா என்றால், கொடுப்பதில் ஒரு பகுதி சூடாக வீணாகிறது. செல் நிரம்பியதும் ஏறும் சூட்டில் அதன் மின்னழுத்தம் சில மில்லி வோல்ட் சரியும். அந்தச் சரிவைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர்தான் நல்லது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் அப்படியொரு சார்ஜரும் எட்டுச் செல்களும் வாங்கி, மார்க்கர் பேனாவால் அ-1, அ-2, ஆ-1, ஆ-2 என்று எண் போட்டு வைத்தேன். அடுத்த ஜனவரியில் அதே குளக்கரையில் நாள் முழுதும் படமெடுத்தோம். ஆ வரிசையை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாத்துக்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்தையும் அந்த மாணவி பார்த்தாள். வளையம் போட்டது எதுவும் இல்லை. கடிகாரத்தில் போட்ட அந்தப் பழைய செல் அதற்கு முந்தின ஆவணி வரை ஓடிற்று.