உறைக்குள் உறை

மாமாவுக்கு வயது 86. முழங்கால் மக்கர் பண்ணினாலும் சாத்தான்குளம் பஜாருக்கு வந்து ஒரு டீ குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. டீக்கடைக்கு வர முடிகிறவருக்கு வாக்குச்சாவடிக்குப் போக என்ன கேடு என்று கேட்காதீர்கள். டீக்கடையில் வரிசை கிடையாது, பெஞ்சு உண்டு.

"வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குதாங்களாமே மாப்ள. கவர் மேல நம்பர் போட்டிருக்கும்னு சொல்லுதான். நான் யாருக்குப் போட்டேம்னு பொறவு கண்டுபிடிச்சிர மாட்டானா?"

நல்ல கேள்வி. எண் இல்லாவிட்டால் கள்ளச்சீட்டு புகுந்துவிடும், எண் இருந்தால் ரகசியம் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டம் எப்படி நடக்கிறது என்பதை மாமாவின் டீ ஆறுவதற்குள் சொல்லப் பார்த்தேன்.

85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் 12-டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதே எல்லையாக இருந்தது. 2024-இல் அதை 85 ஆக்கினார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன்பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் அங்கே ஓட்டுக் கிடையாது. வீட்டுக்கு வருகிற குழுவோடு போலீசும் வருவார், கேமராவும் வரும். சீட்டில் குறியிடுவதை மட்டும் படம் எடுக்கக் கூடாது.

"சரி, நம்பரு?"

கடைக்காரரிடம் இரண்டு பழைய கவர்களும் ஒரு துண்டுத்தாளும் வாங்கினேன். தாள்தான் வாக்குச்சீட்டு. அதைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அது 13-பி, அதன்மேல் சீட்டின் வரிசை எண் இருக்கும். அடுத்தது 13-ஏ என்ற உறுதிமொழித் தாள். அதில் வாக்காளரின் கையெழுத்து, அதே வரிசை எண், ஓர் அலுவலரின் சான்றொப்பம். ஒட்டிய சின்ன உறையையும் இந்தத் தாளையும் சேர்த்துப் பெரிய உறையில் போட வேண்டும். அது 13-சி. உறுதிமொழித் தாள் சின்ன உறைக்குள் போய்விடக் கூடாது. போனால் ஓட்டு அவ்வளவுதான். உறுதிமொழித் தாள் இல்லை என்றால் சின்ன உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

எண்ணுகிற நாளில் பெரிய உறைகள் முதலில் பிரிக்கப்படும். 13-ஏ-வில் கையெழுத்தும் சான்றொப்பமும் இருக்கின்றனவா, அதிலுள்ள எண்ணும் சின்ன உறை மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். மாமா பயந்த எண்ணின் வேலை இவ்வளவுதான். மாமாவைத் தேட வந்த எண் அல்ல அது, மாமாவின் சீட்டுத்தானா என்று பார்க்க வந்த எண்.

இதற்கடுத்த விதியைப் படிக்கும்போதெல்லாம் அதை எழுதியவர் யாரோ கெட்டிக்காரர் என்று எனக்குத் தோன்றும். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 54-ஏ. சரியாக இருக்கிற உறுதிமொழித் தாள்களையெல்லாம் தனிக்கட்டாக்கி முத்திரையிட வேண்டும். அதற்குப் பிறகுதான் சின்ன உறை ஒன்றையாவது தொடலாம். சீட்டு வெளியே வரும் நேரத்தில், எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லக்கூடிய தாள் முத்திரைக்குள் போயிருக்கும். அந்தக் கட்டை நீதிமன்றம் சொன்னால்தான் பிரிக்கலாம். சீட்டில் முறைகேடு செய்தால் தேர்தல் அலுவலருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, மற்றவர்களுக்கு ஆறு மாதம் வரை. அலுவலருக்குத்தான் கூடுதல், அதுதானே நியாயம்.

மாமா தலையாட்டினார். ஆனால் இந்த ஏற்பாட்டில் சிக்கல் வருகிற இடம் ரகசியம் அல்ல. சான்றொப்பம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சாத்தான்குளத்திலிருந்து தென்மேற்கே திசையன்விளைக்குப் போனால் ராதாபுரம் தொகுதி.

2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை 69,590 வாக்குகள் பெற்றார், திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. எண்ணிக்கையின்போது 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடியாகியிருந்தன. போட்டவர்கள் தேர்தல் வேலைக்குப் போனவர்கள். சான்றொப்பம் இட்டவர்கள் தலைமையாசிரியர்கள். தலைமையாசிரியர், சான்றொப்பம் இடத் தகுதியுள்ள அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரா, இல்லையா? ஒரு தொகுதியின் உறுப்பினர் யார் என்பது இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

அப்பாவு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டப்படி தேர்தல் வழக்கை முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும். விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உத்தரவு வந்தது 2019 அக்டோபர் 1-இல். அந்தத் தபால் ஓட்டுகளைத் தள்ளியது சரியல்ல என்று கருதிய நீதிமன்றம், அவற்றையும் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. அக்டோபர் 4-இல் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாளில், முடிவை வெளியிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

"பொறவு?"

பிறகு என்ன, சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிந்துபோயிற்று. 2021-இல் அப்பாவு அதே ராதாபுரத்தில் ஜெயித்துப் பேரவைத் தலைவரானார். மூன்று ஆண்டுக்கு மேல் அந்த உறைகள் பத்திரமாகத்தான் இருந்தன. சட்டத்தின் பூட்டு ஒன்றும் உடையவில்லை. பூட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் முடிக்க 'முயல வேண்டும்' என்ற அந்தச் சொல் 'முடிக்க வேண்டும்' என்று மாறினால்தான் உறையைப் பாதுகாப்பதில் அர்த்தம் உண்டு என்பது என் கட்சி.

ஒன்றிரண்டு நல்லது நடந்திருக்கிறது. வெற்றி வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகம் என்றால், அவற்றையெல்லாம் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அதற்கென அமைக்கும் மையத்திலேயே ஓட்டுப் போட வேண்டும் என்று 2023-இல் விதியைத் திருத்தினார்கள். சான்றொப்பத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

மாமா டீயை ஒரே மடக்கில் முடித்தார். "அப்ப எங்க கையெழுத்துப் போடணும்?"

13-ஏ தாளில் மட்டும் மாமா. சீட்டில் போட்டுவிடாதீர்கள், ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் சீட்டில் இருந்தால் அந்த ஓட்டுச் செல்லாது.