பனியில் வெடிக்கும் குழாய்

தில்லியிலிருந்து கேரவனில் மலையேறுகிறவர்கள் கம்பளியை மறப்பதில்லை, ஊறுகாயை மறப்பதில்லை. வண்டிக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை இரவு. தில்லியிலிருந்து சண்டிகர் செல்லும் நெடுஞ்சாலையில் முர்த்தல் பராத்தா கடைகளின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கார்களுக்கும் சுற்றுலா பஸ்களுக்கும் நடுவே இப்போதெல்லாம் ஒரு புது ஜாதி வண்டியும் தலைகாட்டுகிறது. பக்கவாட்டில் சுருட்டிவைத்த பந்தல், கூரையில் சோலார் தகடு, உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை. கேரவன் என்றால் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டிதான். தில்லியில் அது குடும்பத்தோடு மலையேறும் வண்டியாகிவிட்டது. டெம்போ டிராவலர் போன்ற வேன்களை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, தேவைக்கேற்ப வீடாக மாற்றித் தரும் பட்டறைகள் தலைநகரைச் சுற்றி முளைத்திருக்கின்றன.

போகுமிடம் பெரும்பாலும் மணாலி. 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு அதற்கும் அப்பால். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் வருவதற்கு முன்னால், ரோஹ்தாங் கணவாய் மூடிவிட்டால் லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். இன்று சாலை திறந்திருக்கும் நாளில் சிஸ்ஸுவுக்கும் கேலாங்குக்கும் ஜனவரியிலேயே போய்விடலாம். (பனி கொட்டினால் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளை மட்டுமே போலீசார் விடுவார்கள். கேரவன் மணாலியோடு நின்றுவிடும்.) அங்கே இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்குவது சகஜம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தில்லிக் குளிர் எலும்பைத் துளைக்கும், ஆனால் குழாயை உடைக்காது. 2021ஆம் ஆண்டின் முதல் நாளில் சப்தர்ஜங் நிலையத்தில் பதிவானது 1.1 டிகிரி. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போன நாளைத் தேட வேண்டுமானால் 1935 ஜனவரிக்குப் போக வேண்டும். அன்று பதிவானது மைனஸ் 0.6. ஆகவே தில்லிவாசிக்குத் தண்ணீர்க் குழாய் உறைந்த அனுபவமே கிடையாது. வண்டியைக் கட்டித் தருகிற பட்டறைக்காரருக்கும் பல சமயம் கிடையாது.

நடப்பது இப்படி. இரவு வண்டியை நிறுத்துகிறார்கள். குளிர் தாங்காமல் குடும்பம் பக்கத்து விடுதிக்குப் போய்விடுகிறது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. சரி, உறைந்திருக்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று மலையிறங்குகிறார்கள். பிலாஸ்பூரைத் தாண்டும்போது பம்ப் தானாக ஓடத் தொடங்குகிறது, நிற்பதே இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தால் மெத்தை நனைந்து, பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. உறைந்தபோது உடைந்த குழாய் உருகும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. உட்புறம் முழுக்க மரவேலை செய்த வண்டியில் இது சின்னச் செலவல்ல. மின்கம்பிகளும் அதே பலகைக்கு அடியில்தான் ஓடுகின்றன.

மற்ற திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி வரை அப்படித்தான். அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்கி, பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் கூடுதல் இடம் கேட்கிறது. பனிக்கட்டி குழாயை உள்ளிருந்து நெட்டித் தள்ளி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் நடுவே ஒரு பனிக்கட்டி அடைப்பு உருவாகிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது. எங்கே பலவீனமோ, அங்கே வெடிக்கிறது. பனி இருந்தது ஓரிடம், ஓட்டை விழுந்தது வேறிடம் என்று மெக்கானிக்குகள் குழம்புவது இதனால்தான். மலைவாசிகள் இரவில் குழாயைச் சொட்டவிட்டுத் தூங்குவதும் இதனால்தான். ஓடும் நீர் எளிதில் உறையாது என்பது பாதிக் காரணம். திறந்த குழாயில் அழுத்தம் ஏறாது என்பது மீதி.

லே நகரில் இந்தக் கணக்கு வெகு காலமாகவே தெரியும். ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 15 டிகிரி என்பது செய்தியே அல்ல. குளிர்காலம் நெருங்கும்போதே பெரும்பாலான விடுதிகள் குழாய்களைக் காலி செய்து கதவைச் சாத்திவிடுகின்றன. திறந்திருக்கும் இடங்களில் வாளியில்தான் வெந்நீர் வரும். தண்ணீர் இல்லாத குழாய்க்குக் குளிரால் ஆபத்து இல்லை என்பதே லடாக்கின் தொழில்நுட்பம். கேரவனுக்கும் அதேதான் என்றாலும், ஒரு வேனுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடங்கள் ஒரு வீட்டைவிட அதிகம்.

முதலில் கீசரை அணைத்து ஆறவிட வேண்டும். சுடச்சுடத் திருகைக் கழற்றினால் அழுத்தத்தோடு வெந்நீர் முகத்தில் பாயும். ஆறியதும் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிறகே அடித்திருகைக் கழற்றலாம். நல்ல நீர்த் தொட்டியைக் காலி செய்து, பம்ப் இருமத் தொடங்கும் வரை ஓட்டி நிறுத்த வேண்டும். வண்டிக்கு அடியில் குழாய்களின் தாழ்வான இடத்தில் வடிகால் திருகுகள் இருந்தால் திறக்க வேண்டும். இல்லாத வண்டி என்றால் மலைக்குப் போகும் முன் அவற்றைப் பொருத்தச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் சண்டை போடுவது நல்லது.

அடுத்தது காற்று. வடிகால்களை மூடிவிட்டு, வெளித் தண்ணீர் இணைக்கும் வாயில் கம்ப்ரஸரை மாட்டி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூட வேண்டும், சாரல் நின்று வெறும் காற்று வரும் வரை. அழுத்தம் 30 பிஎஸ்ஐ போதும். கார் டயருக்கு வைக்கும் அளவுதான். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் 100க்கு மேல் இருக்கும். அளவுபடுத்தாமல் அதை மாட்டினால், பனி செய்யவிருந்த வேலையை நாமே செய்துவிடுவோம்.

அமெரிக்கக் கையேடுகளைப் படித்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, நம் வண்டிகளில் தவறாமல் இருக்கும் ஹெல்த் பாசெட். விசையை அழுத்திப் பிடித்து ஊதாவிட்டால் அதன் தலைக்குள் தண்ணீர் தங்கி, மெல்லிய பிளாஸ்டிக் பிளந்துவிடும். மற்றது ஆர்ஓ சுத்திகரிப்பான். அதன் வடிகட்டிகளும் சவ்வும் தண்ணீரை உறிஞ்சிவைத்திருப்பவை, காற்றால் காலியாகாது. கழற்றி, உறையாத இடத்தில் எடுத்துவைப்பதுதான் வழி. பம்ப் முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டிக் கிண்ணத்தையும் திருகிக் கொட்ட வேண்டும். கடைசியில் எல்லாக் குழாய்களையும் திறந்தபடியே விட்டுவிட்டு, பம்ப் சுவிட்சை அணைக்க வேண்டும். வளைவுகளில் மிச்சமிருக்கும் சில சொட்டுகள் உறைந்தாலும் விரிய இடம் இருக்கும்.

வெளிநாடுகளில் இதற்கு மேல் ஒரு படி உண்டு. உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்கள் முழுக்க நிரப்பிவிடுவார்கள். அது புரோப்பிலீன் கிளைகோல் கலந்தது. நச்சுத்தன்மை மிகக் குறைவு. வசந்தத்தில் கழுவிவிட்டால் போதும். நம் ஊர்க் கடைகளில் கேரவனுக்கென்று அது எளிதில் கிடைப்பதில்லை. எனவே சிலர் கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடையில் ரேடியேட்டர் கூலன்டை வாங்கி ஊற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். கூடவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகோல். இனிப்பாக இருக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு தம்ளருக்கும் குறைவான அளவே ஆளைக் கொல்லப் போதும். நிறத்தை நம்பவும் வழியில்லை. இளஞ்சிவப்புக் கூலன்டுகளும் இருக்கின்றன.

சரி, திலக் பஜார் ரசாயன மொத்தக் கடைகளில் புரோப்பிலீன் கிளைகோலையே வாங்கினால்? தில்லிக்கு இதில் ஒரு கசப்பான நினைவு உண்டு. 1998 ஏப்ரல் முதல் ஜூன் வரை, சிறுநீரகம் செயலிழந்த 36 குழந்தைகள் தில்லி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் குர்கான் பக்கத்துக் குழந்தைகள். 33 பேர் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகோல் கலந்திருந்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் தமிழக ஆய்வகம் கண்டது 48.6 சதவீத டைஎத்திலீன் கிளைகோல். மருந்துக்கென்று வாங்கும் திரவத்திலேயே இந்தக் கலப்படம் நேர்கிற நாட்டில், தொழிற்சாலைத் தர டிரம்மிலிருந்து ஒரு கேனில் ஊற்றித் தருவதைக் குழந்தை பல் துலக்கும் குழாயில் ஏற்றுவது வீண் துணிச்சல். காற்றால் ஊதிக் காலி செய்வதோடு நிறுத்திக்கொள்வதே நமக்குச் சரி. பேசினுக்கு அடியில் வளைந்த கழிவுக் குழாயில் நிற்கும் நீரை மட்டும் வளைவைக் கழற்றிக் கொட்டிவிடலாம். கழிவுத் தொட்டியையும் காலியாக்க வேண்டும். அதற்கு இடம் பியாஸ் நதி அல்ல.

வண்டியிலேயே தங்குபவர்களுக்கு வேறு வழியில்லை. உள்ளே சூடு இருக்க வேண்டும். புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் இருந்தால் பேசின் அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, வெதுவெதுப்பு குழாய்களை எட்டும்படி செய்யலாம். வண்டிக்கு அடியில் வெளியே தொங்கும் தொட்டிக்கு அது எட்டாது. அதைக் காலியாகவே வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்வது உத்தமம். கரி அங்கீட்டியை உள்ளே ஏற்றக் கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் எழாமலே போன செய்தி தில்லிப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. வேன் அந்த அறையைவிடச் சின்னது.

உறைந்தே போய்விட்டால்? மலையில் இரும்புக் குழாய்களுக்குத் தீப்பந்தம் காட்டி உருக்குவார்கள். கேரவனின் பிளாஸ்டிக் குழாய்க்கு அது ஆகாது. குழாயைத் திறந்துவைத்து, முடி உலர்த்தும் கருவியாலோ வெந்நீரில் நனைத்த துணியாலோ, திறந்த முனையிலிருந்து ஆரம்பித்து மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். தில்லி திரும்பியதும் உடனே தொட்டியை நிரப்பி, பம்பை ஓட்டி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் தண்ணீர் திறக்காதபோது பம்ப் விட்டுவிட்டு ஓடினால், எங்கோ ஒழுகுகிறது. மெத்தையைத் தூக்கிப் பார்ப்பதற்கு அதுதான் நேரம்.