வங்கியோடு செயலி பேச மறுப்பது ஏன்?

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட கன்றுகளில் எஞ்சிய மரம் அது. பின்னாளில் இந்த வட்டாரத்தில் பெருகிய தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் சீவினார்கள். சம்பள நாள் வரும்வரை மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி, ‘555’ என்ற சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது பல வீடுகளின் வழக்கம். கடைக்காரரிடம் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இன்று கைப்பேசியில் இருக்கும் வரவு செலவுச் செயலிகள் செய்வதும் இதே வேலைதான். வங்கியிடம் இருக்கும் கணக்கை எடுத்து வந்து உங்கள் கணக்கோடு பொருத்திக் காட்டுகின்றன. ஆனால் ஒருநாள், “இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் கடவுச்சொல்லைக் கொடுங்கள்” என்று திரையில் வருகிறது. அம்மா கைப்பேசியை உங்களிடம் நீட்டி, “என்னன்னு பாருய்யா” என்கிறார். உடனே கடவுச்சொல்லைத் தட்டலாமா? வேண்டாம். முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

இணைப்பு இரண்டு வகை

முதல் வகையில், உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் செயலி வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன் நிரல் உங்களைப் போலவே வங்கியின் பக்கத்தில் நுழைந்து, திரையில் தெரியும் எண்களைப் படித்து எடுக்கிறது. இதற்குத் ‘திரைச் சுரண்டல்’ என்று பெயர். வங்கி தன் பக்கத்தின் அமைப்பை மாற்றினால், எந்த எண் எங்கே இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியாது. உடனே இணைப்பு அறுந்துவிடும். இது பாதுகாப்பானதும் அல்ல. வீட்டுச் சாவியையே வேறொருவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டாம் வகையில், செயலி கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. வங்கி தன் சொந்தப் பக்கத்தில் உங்களிடம் சம்மதம் கேட்டு, செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. இதை ‘டோக்கன்’ என்பார்கள். “கணக்கைப் பார்க்கலாம், பணத்தை எடுக்க முடியாது, இத்தனை நாள்தான் செல்லும்” என்று அதற்கு வரம்பு வைக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சம்மதத்தைப் புதுப்பிக்கும் காலம் முதலில் 90 நாளாக இருந்து, 2023-இல் 180 நாளானது. இந்தியாவில் 2021 செப்டம்பரில் செயல்படத் தொடங்கிய ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ முறையில், இடையில் நிற்கும் நிறுவனம் விவரங்களைப் பூட்டிய உறைபோலக் கடத்துகிறதே தவிர, அதைத் திறந்து படிக்க முடியாது.

ஆகவே இணைப்பு என்பது வங்கிக்கும் செயலிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பி அல்ல. அது நீங்கள் கொடுத்த அனுமதி. அனுமதி காலாவதியாவது பழுது ஆகாது. அது ஒரு பாதுகாப்பு.

பழுதைத் தேடுவது எப்படி?

அறிவியல் சோதனைக்கூடத்தில் செய்வதைப் போல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள்.

1. வங்கியின் சொந்தச் செயலி திறக்கிறதா? அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு வங்கியிலோ இணையத்திலோ இருக்கலாம். காத்திருங்கள்.

2. வங்கிச் செயலி திறக்கிறது, வரவு செலவுச் செயலியில் மட்டும் சிக்கல் என்றால், அங்கே எல்லா வங்கிகளும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். எல்லாம் நின்றிருந்தால் செயலியைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் என்றால் அந்த வங்கிக்கான அனுமதியைப் பாருங்கள்.

3. அண்மையில் கடவுச்சொல்லையோ கைப்பேசியையோ மாற்றினீர்களா? வங்கிகள் குறுஞ்செய்தி வழி அனுப்பும் எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்றும், ஒருவர் ஒப்புதல் அளிக்க ஒரே கைப்பேசியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா மலேசியா அறிவித்தது. கைப்பேசி மாறினால் பழைய ஒப்புதல் செல்லாமல் போவது இதனால்தான்.

ஊகத்தில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றித் தட்டாதீர்கள். சில தடவை தவறினாலே வங்கி கணக்கைப் பூட்டிவிடும். அப்போது ஒரு சிக்கல் இரண்டாகும்.

இணைந்தும் எண்கள் பொருந்தவில்லையா?

அப்பா பெட்ரோல் பம்பில் அட்டையைச் செருகி 40 வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றுகிறார். செயலியிலோ 200 வெள்ளி குறைந்திருக்கிறது! யாரும் திருடவில்லை. எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று முன்கூட்டியே தெரியாததால், வங்கி ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறது. உண்மைத் தொகை பதிவானதும் மீதி விடுவிக்கப்படும். ஒதுக்கியதையும் பதிவானதையும் செயலி தனித்தனிச் செலவாக எண்ணினால் கணக்கு தப்பும்.

தேதியிலும் குழப்பம் வரும். நம் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. மே 1 காலை 7 மணிக்கு நீங்கள் வாங்கிய நாசி லெமாக், பொது நேரத்தில் ஏப்ரல் 30 இரவு 11 மணிக்கு நடந்த செலவு. செயலி அந்த நேரத்தையே காட்டினால் செலவு போன மாதக் கணக்கில் ஏறிவிடும்.

உண்மையான ஆபத்து

மோசடிக்காரர்களும் “இணைப்பு அறுந்தது” என்றுதான் செய்தி அனுப்புவார்கள். அதிலுள்ள சுட்டியை அழுத்தினால் வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல்லையும் ‘டேக்’ எண்ணையும் கொடுத்தால், வீட்டின் சேமிப்பு முழுவதும் போகலாம். எனவே செய்தியில் வந்த சுட்டி வழியாக எதையும் சரிசெய்யாதீர்கள். செயலியை நீங்களே திறந்து, நீங்களே வங்கிக்குச் செல்லுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ பெற்றோரை அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

செய்து பாருங்கள்

பெற்றோரின் அனுமதியோடு, ஒரு மாத வங்கி அறிக்கையை வங்கியின் தளத்திலிருந்து அவர்களையே பதிவிறக்கித் தரச் சொல்லுங்கள். விரிதாளில் தேதி, விவரம், தொகை என மூன்று பத்திகளில் எழுதுங்கள். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால், அறிக்கையின் கடைசி இருப்பு வருகிறதா? வந்தால் உங்கள் ‘555’ புத்தகம் சரி. யாருக்கும் கடவுச்சொல் கொடுக்காமலே வேலை முடிந்துவிட்டது!