கேலியின் இலக்கு: ‘மிஸ்ரரி சயன்ஸ் தியேட்டர் 3000’ பற்றிய ஒரு நோக்கு

கலை இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் வெற்றி பெற்ற படைப்புக்களையே தனது ஆய்வுப் பொருளாகக் கொண்டு வந்துள்ளது. தோல்வியுற்றவை, மலிவானவை, அவசரத்திற் செய்யப்பட்டவை ஆகியன வரலாற்று நூல்களில் ஒரு வரியாக எஞ்சுவதோடு சரி. ஆயினும், ஒரு சமுதாயத்தின் கருத்துநிலையை அறிய விழைவோருக்குச் செப்பமான படைப்பைக் காட்டிலும் செப்பமற்ற படைப்பே பல வேளைகளிற் கூடுதலாகப் பயன்படுகின்றது. முன்னதில் உள்ளே மடித்து மறைக்கப்பட்டிருக்கும் தையல் பின்னதில் வெளியே தெரியும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அத்தகைய தையல்களைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றியே இக்கட்டுரை. அச்சிரிப்பு எதனை நோக்கியது, எங்கே தன் இலக்கைத் தவறவிடுகின்றது என்பனவே இங்கு எழும் வினாக்கள்.

‘மிஸ்ரரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்னும் அந்நிகழ்ச்சி 1988ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகர்ப்புறத்தில் இயங்கிய கே.ரி.எம்.ஏ. என்ற சிறிய சுயாதீன நிலையத்தில் ஆரம்பமாயிற்று. அதனை உருவாக்கியவர் ஜோயல் ஹொட்ஜ்சன் என்னும் மேடை நகைச்சுவையாளர். அடுத்த ஆண்டில் நாடளாவிய கம்பிவழித் தொலைக்காட்சிக்குச் சென்று 1996 வரை நகைச்சுவை அலைவரிசையிலும், 1997 முதல் 1999 வரை விஞ்ஞானப் புனைகதை அலைவரிசையிலும் அது நீடித்தது. நிகழ்ச்சியின் வடிவம் எளிமையானது. பழைய மலிவான திரைப்படமொன்று, பெரும்பாலும் விஞ்ஞானப் புனைகதைப் படமொன்று, ஏறத்தாழ முழுமையாகக் காட்டப்படும். திரையின் அடியில், வலப்புறமாக, கொட்டகை நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் மூன்று நிழலுருவங்கள் தெரியும். ஒருவன் மனிதன், ஏனைய இரண்டும் இயந்திரப் பொம்மைகள். படம் ஓடுகையில் இம்மூவரும் இடைவிடாது அதனைக் கிண்டல் செய்துகொண்டிருப்பர்.

இவ்வடிவத்துக்குக் காரணங் கற்பிக்கும் கதைச் சட்டகம் நமது கவனத்துக்குரியது. நாயகன் ஒரு விஞ்ஞான நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்யும் தொழிலாளி. அவனைப் பிடிக்காத மேலாளர்கள் அவனை விண்வெளிக்கு எறிந்துவிடுகின்றனர். செய்மதியொன்றிற் சிறைப்பட்டிருக்கும் அவன்மீது, கீழே நிலவறையிலிருக்கும் விஞ்ஞானிகள் இழிந்த திரைப்படங்களைத் திணித்து, அவன் மனம் என்னவாகின்றது என்று பரிசோதிக்கின்றனர். படம் தொடங்குவதையோ முடிவதையோ அவனாற் கட்டுப்படுத்த முடியாது. அதற்கு வேண்டிய கருவியுறுப்புக்களை அவன் தன் தனிமையைப் போக்க இயந்திர நண்பர்களை ஆக்குவதிற் செலவழித்துவிட்டான். விளையாட்டாகச் சொல்லப்படும் கதைதான். எனினும் பகலில் உழைப்பை விற்றுவிட்டு இரவில் ஓய்வு நேரத்தையும் இன்னொருவனின் பண்டத்துக்கு ஒப்படைக்கும் மனிதனின் நிலையை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறு உண்டா என்பது ஐயமே. தன் நேரத்தின் மீதான ஆட்சியை விலையாகக் கொடுத்தே அவன் தோழமையைப் பெறுகின்றான்.

நிகழ்ச்சி எடுத்தாண்ட படங்கள் எவ்வாறு தோன்றின என்பதனையும் நோக்குதல் வேண்டும். 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பரமவுண்ட் முதலிய பெருங் கம்பனிகளுக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு, படத் தயாரிப்பாளரே படமாளிகைகளின் உடைமையாளராகவும் இருக்கும் ஏற்பாட்டைக் குலைத்தது. முதன்மைப் படத்துடன் இணைத்து விற்கப்பட்டு வந்த இரண்டாந்தரப் படங்களுக்கு இருந்த உறுதியான சந்தை போயிற்று. அவ்விடைவெளியிற் சிறு முதலீட்டாளர் நுழைந்தனர். 1954இல் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவெல் ஆர்க்கொவும் தொடங்கிப் பின்னர் ‘அமெரிக்கன் இன்ரர்நஷனல் பிக்சர்ஸ்’ எனப் பெயர்பெற்ற நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முதலிற் படத்தின் தலைப்பு, அதன்பின் சுவரொட்டி, அவற்றைக் கண்டு படமாளிகைக்காரர் இசைந்தபின் கதை என்பதே அவர்களின் நடைமுறை. கலைப்படைப்பு பண்டமாகின்றது என்று நாம் வழக்கமாகக் கூறுவோம். இங்கோ பண்டமே முதலிற் பிறந்து, படைப்பு அதன்பின் ஓடி வருகின்றது. காரிலிருந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளில் இளைஞரிடம் காசு பறித்து முடிந்தபின், இப்படங்கள் கட்டுக்கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. நிலையத்துக்கு நேரம் நிரம்பினாற் போதும். நிரப்புவது எதுவாயினும் ஒன்றே.

கே.ரி.எம்.ஏ. நிலையத்தின் படக்களஞ்சியத்திலே கிடந்தவையும் அத்தகையனவே. அவற்றைக் கொண்டு குறைந்த செலவில் நேரத்தை நிரப்பும் வழியாகவே ஹொட்ஜ்சனின் நிகழ்ச்சியும் பிறந்தது. க்ரோ என்னும் இயந்திரப் பொம்மையின் தலை விளையாட்டு முகக்காப்பு, பிளந்த பந்துவிளையாட்டுக் கட்டை முதலியவற்றாலானது. ரொம் சேர்வோ என்பதன் தலை மிட்டாய் விற்கும் கண்ணாடிக் கோளம். கேலி செய்வோரும் கேலி செய்யப்படுவோரும் ஒரே வறுமையின் பிள்ளைகள் என்பதை மறந்துவிடலாகாது.

நிகழ்ச்சி பரவிய முறையும் சுவையானது. கம்பிவழி அலைவரிசை எல்லா ஊர்களுக்கும் எட்டாத அக்காலத்தில், ஒளிநாடாவிற் பதிவுசெய்து கைமாற்றிக் கொள்ளுமாறு நிகழ்ச்சியின் இறுதி எழுத்துக்களிலேயே பார்வையாளர் வேண்டப்பட்டனர். சுவைஞரும் அவ்வாறே செய்தனர். சந்தைக்கு வெளியே, காசு கைமாறாமல், ஒரு பண்பாட்டுப் பொருள் நாடு முழுவதும் சென்றது. 2015இல், நிகழ்ச்சியை மீண்டுந் தொடங்கப் பொதுமக்களிடம் இணையவழி நிதி கோரப்பட்டபோது 48,000க்கு மேற்பட்டோர் 57 இலட்சம் டொலருக்கு அதிகமாக வழங்கினர். 2017இல் புதிய தொடரை வெளியிட்டது நெற்ஃபிளிக்ஸ். கால் நூற்றாண்டுக் காலம் சுவைஞர் ஊதியமின்றி வளர்த்த மதிப்பு இவ்வாறு ஒரு பெருங் கம்பனியின் சரக்காயிற்று. இரண்டு தொடர்களின்பின் அக்கம்பனி அதனைக் கைவிட்டது. பின்னர் 2021இல் மீண்டும் மக்களிடமே செல்ல வேண்டியதாயிற்று.

இனி, சிரிப்பின் இயல்புக்கு வருவோம். உள்ளூர் ஒளிபரப்பிற் பெரும்பாலும் அவ்வப்போது மனத்திற் தோன்றியதைச் சொல்லி வந்தவர்கள், நாடளாவிய ஒளிபரப்புக்குச் சென்றபின் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கூட்டாக எழுதலாயினர். ஒன்றரை மணி நேரத்திற்குட் பல நூறு பகிடிகள் வரும். மாயத்திலே பார்வையாளன் கரைந்துவிடாதவாறு இடைமறித்தல் என்னும் உத்தி பிறெஃக்டை நினைவூட்டுவது இயல்பே. நம்மவருக்குக் கூத்தின் கட்டியகாரனும் நினைவுக்கு வரலாம். ஆயின் கட்டியகாரன் ஆடுகளத்தினுள்ளே நிற்பவன். அரசனைக் கேலி செய்தால் அரசன் அவனுக்கு மறுமொழி கூறுவான். இங்கோ படம் மறுமொழி கூறாது; எடுத்தவர்களுட் பலர் இறந்துவிட்டனர். இவ்வேறுபாடு அற்பமானதன்று. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டுத் தொழிற்றுறை பற்றிய தமது கட்டுரையில், அத்தொழிற்றுறை வழங்குஞ் சிரிப்பை மகிழ்ச்சியின் பெயரால் நிகழும் மோசடியாகவே கண்டனர். அக்கூற்றை இந்நிகழ்ச்சி முழுவதற்கும் பொருத்துவது பிழை என்பதே என் கருத்து. ஆயின் சில பகுதிகளுக்கு அது பொருந்தத்தான் செய்கின்றது.

நிகழ்ச்சி தன் உச்சத்தை எட்டுவது முழுநீளப் படங்களிலன்று. அவற்றுக்கு முன் காட்டப்பட்ட குறும்படங்களிலேயே. இவை கம்பனிகளும் கல்விப்பட நிறுவனங்களும் தயாரித்த போதனைப் படங்கள். 1956இல் ஜெனரல் மோட்டர்ஸ் வெளியிட்ட ‘டிசைன் ஃபோர் டிறீமிங்’ என்னும் குறும்படத்தில், ஒரு பெண் கனவிலே கார்க் கண்காட்சிக்குச் செல்கின்றாள். புதுக் கார்களிடையே ஆடிப் பாடுகின்றாள். பின்னர் அக்கம்பனிக்கே உரிய ஃபிறிஜிடெயர் சமையலறையில் நிறுத்தப்படுகின்றாள். பொத்தானை அழுத்திவிட்டு அவள் விளையாடப் போக, கேக் தானே வேகின்றது. எதிர்காலச் சமையலறையிலும் ஏன் பெண் நிற்கின்றாள் என்ற வினா படத்துக்கு எழவில்லை. செவ்ரொலே விற்பனையாளரைப் பயிற்றுவதற்கென ஜாம் ஹான்டி நிறுவனம் எடுத்த ‘ஹயர்ட்’ என்ற படமோ விற்பனை மேலாளனின் மனவுளைச்சலைக் காவியத்துயராகக் காட்டுகின்றது. இவை வறியவரின் படைப்புக்களல்ல. பணமும் நோக்கமும் உடையோரின் படைப்புக்கள். எனவே இவற்றின்மீது விழும் ஒவ்வொரு பகிடியும் முதலாளித்துவம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட கதையின் மீது விழுகின்றது.

முழுநீளப் படங்களிலும் இவ்வாறான தருணங்கள் உண்டு. றோஜர் கோர்மன் 1956இல் இயக்கிய ‘இற் கொன்கேர்ட் த வேர்ல்ட்’ படத்தில், உணர்ச்சியற்ற அமைதியை வாக்களித்து உலகைக் கைப்பற்ற வருகின்றது ஒரு வேற்றுக்கிரக உயிர். அதற்குத் துணைபோகின்றான் ஒரு விஞ்ஞானி. பனிப்போர்க் காலத்துப் பார்வையாளனுக்கு அவ்வுயிர் எதனைக் குறிக்கின்றது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மனிதன் தன் விடுதலையைத் தானே தேடவேண்டும் என்ற பாங்கில் அமைந்த பிரசங்கத்துடன் படம் முடிகின்றது. நிகழ்ச்சியினர் இதனை எதிர்த்து வாதிடவில்லை. அப்பிரசங்கத்தை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டனர்; அவ்வளவே. மூன்றாம் முறையில் அதன் கனம் கழன்று வெறுஞ் சொற்கள் எஞ்சுகின்றன.

ஆயினும் இச்சிரிப்பு அடிக்கடி கீழ்நோக்கிச் சரிகின்றது. 1993 ஜனவரியில் ஒளிபரப்பான ‘மானொஸ்: த ஹான்ட்ஸ் ஒஃப் ஃபேற்’ இதற்குச் சான்று. (இது திகிற்படம், விஞ்ஞானப் புனைகதையன்று. ஆயின் நிகழ்ச்சியிற் காட்டப்பட்டவற்றுள் மிகுந்த புகழ்பெற்றது இதுவே.) ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் உரம் விற்கும் தொழில் செய்த ஹரல்ட் வொறென் என்பவர் 1966இல் ஏறத்தாழ 19,000 டொலர் செலவில் எடுத்த படம் அது. அவரிடமிருந்த கமரா ஒரு தடவையில் 32 செக்கன்களே படம் பிடிக்கும். படப்பிடிப்பில் ஒலி பதிவாகவில்லை. எல்லாக் குரல்களையும் ஒரு சிலர் பின்னர் பேசிச் சேர்த்தனர். நடித்தோருக்கு இலாபத்தில் ஒரு பங்கு வாக்களிக்கப்பட்டது. இலாபம் வரவேயில்லை. ஊதியமாகக் கிடைத்தவை, நடித்த சிறுமிக்கு ஒரு சைக்கிளும் அவள் வீட்டு நாய்க்கு உணவுந்தான். முதற்காட்சியன்று தன் வாயிலிருந்து வேறொருவரின் குரல் வருவதைக் கேட்டுத் தான் அழுததாக அச்சிறுமி வளர்ந்தபின் கூறியுள்ளார். தள்ளாடி நடக்கும் பணியாளாக நடித்த இளைஞரோ படம் திரையேறு முன்னரே இறந்துவிட்டார். நிகழ்ச்சியில், நாயகனைக் கொடுமைப்படுத்தும் விஞ்ஞானிகளே இப்படத்துக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கின்றனர். நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை. ஆனால் எதற்குச் சிரித்தேன் என்று பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அந்த 32 செக்கன் கமராவுக்கே பெரும்பாலும் சிரித்திருந்தேன்.

இன்னொரு வகைச் சறுக்கல் இதனினும் ஆழமானது. அலெக்சாந்தர் ப்துஷ்கோ என்னும் சோவியத் இயக்குநரின் ‘சாத்கோ’, 1953இல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்க விருதுகளுள் ஒன்றைப் பெற்ற படம். நொவ்கொறொட் நகரத்து இசைக்கலைஞன் ஒருவன் தன் மக்களுக்கு மகிழ்ச்சியைத் தேடி இந்தியா வரை கப்பலேறும் நாட்டார் கதை அது. 1962இல் கோர்மனின் விநியோக நிறுவனம் அதனை வாங்கிக் குரல்மாற்றி, நாயகனைச் சிந்துபாத் ஆக்கி, ‘சிந்துபாத்தின் மாயப்பயணம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. அவ்வேலைக்கு அமர்த்தப்பட்டவர் அப்போது இளைஞராயிருந்த ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பலா. 1993இல் நிகழ்ச்சியின் நிழலுருவங்கள் கிண்டல் செய்தது இந்தச் சிந்துபாத்தையே. ‘கலேவலா’வைத் தழுவிச் சோவியத் நாடும் பின்லாந்தும் கூட்டாக எடுத்த ‘சம்போ’வுக்கும் இதே கதி நேர்ந்தது. பொருந்தா உதட்டசைவு, உயிரற்ற ஆங்கில உரையாடல், காரணமின்றித் தாவுங் கதை ஆகிய குறைகள் எல்லாம் அமெரிக்க வணிகன் செய்த சேதங்கள். பழியோ படத்தின் மேல். எழுதியோருள் ஒருவரான கெவின் மேர்ஃபி இப்படங்களின் காட்சியழகைப் பின்னர் வியந்து பேசியிருப்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கின்றது. ஒருமுறை பார்த்துச் சிரித்தவருக்குத் தெரிய வழியில்லை.

‘றொபொட் மொன்ஸ்ரர்’ என்னும் 1953ஆம் ஆண்டுப் படத்தையும் இங்கு கூறவேண்டும். நான்கு நாட்களில், ஏறத்தாழ 16,000 டொலருக்கு எடுக்கப்பட்டது. உலகை அழிக்க வந்த இயந்திர உயிர் கொரில்லா உடலும் மூழ்குவோன் தலைக்கவசமும் கொண்டு தோன்றும். நடிகரிடம் கொரில்லா உடை சொந்தமாக இருந்தது. இயந்திர உடைக்குப் பணமிருக்கவில்லை. இழிந்த படங்களின் பட்டியல்களில் இது தவறாது இடம்பெறும். படத்தின் பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளர் எல்மர் பேர்ன்ஸ்ரைன் என்றிருக்கும். சில ஆண்டுகளின் பின் ‘த ரென் கொமான்ட்மென்ற்ஸ்’, ‘த மக்னிஃபிசென்ற் செவின்’ ஆகியவற்றுக்கு இசையமைத்த அதே பேர்ன்ஸ்ரைன்தான். இடதுசாரி ஈடுபாட்டின் பொருட்டு ஐயத்துக்குள்ளாகிப் பெரிய ஸ்ரூடியோக்களில் அவருக்கு வேலை அருகியிருந்த காலம் அது. எனவே அவர் கொரில்லாவுக்கு இசையமைத்தார். அதனை அலட்சியமாகவும் செய்யவில்லை. கொரில்லா மலைச்சரிவில் ஏறியும் இறங்கியும் திரியும் நீண்ட காட்சிகளில் அவ்விசை தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றது. சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். அதன்மேல் மூன்று குரல்கள் பேசிக்கொண்டிருக்கின்றன.